பக்கத்து இருக்கை

பிமலா உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்துவிட்டாள்.

யார் முகத்தையும் பார்க்காமல், பையை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போய் நின்றாள்.

அவள் முன்னால் நின்றிருந்த கணவன் லோகேந்திரா அதைக் கவனித்துவிட்டான். இன்றைக்கா? இவள் வந்த முதல் நாளேவா?

“ஏன் எழுந்துட்டாங்க?” என்றாள் பிமலா.

“இறங்கப் போறாங்க. ஸ்டேஷன் வருதில்ல.”

ரயில் நின்றது. அந்த அம்மாள் இறங்கிப் போய்விடவில்லை. இறங்குகிற கூட்டத்தோடு நழுவி, அடுத்த பெட்டிக்குள் புகுந்துகொண்டாள். அதை லோகேந்திரா மட்டும்தான் பார்த்தான்.

“அட, உட்காருங்க! ஒரே ஒரு இடம்தான் இருக்குன்னீங்க, இப்ப உங்களுக்கும் கிடைச்சாச்சு. நான் ராசிக்காரி!”

உட்கார்ந்தான்.

நேபாளத்திலிருந்து வந்த பிமலாவுக்குக் கால் இன்னும் தரையில் பாவவில்லை. ஜப்பானின் நரிதா விமான நிலையத்தில், சூடான காபி டப்பாவை வெளியே தள்ளிய இயந்திரத்துக்குக் கைதட்டியாயிற்று. தானாகவே மூடியைத் திறந்த கழிப்பறையிலிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்தாயிற்று.

மூன்று மாதம் இருந்து பார்ப்பது. ஊர் பிடித்தால் மகள் சானுவையும் அழைத்து வந்து இங்கேயே பள்ளியில் சேர்ப்பது. பிடிக்காவிட்டால் திரும்பிவிடுவது. அதுதான் பேச்சு.

சிபா நகரத்து ஓட்டல் ஒன்றில் ஆறு வருடமாகத் தந்தூரி ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும் லோகேந்திரா, அவள் வாயிலிருந்து வரப்போகும் ஒரு ‘சரி’க்காகத்தான் காத்துக் கிடந்தான். வீடியோவில் அவளுக்குப் பனியைக் காட்டியிருக்கிறான். செர்ரிப் பூவைக் காட்டியிருக்கிறான். நெரிசலான ரயிலில் தன் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே போவதைக் காட்டியதில்லை.

“இங்க பாரு பிமலா, கேட்டுக்கோ. ரயில்ல பையை முதுகுல மாட்டாதே, முன்னால மாட்டிக்கோ. போன் வந்தா எடுக்காதே. நகரும் படியில ஒரு ஓரமா நில்லு. ஓட்டல்ல டிப்ஸ் வெக்காதே, காசை மறந்துட்டுப் போறீங்களேன்னு பின்னாலயே ஓடி வருவாங்க.”

“சரிங்க. மூச்சு விடலாமா, அதுக்கும் ஏதாவது முறை இருக்கா?”

“மெதுவாப் பேசு!”

“இது மெதுவில்லையா? எங்க அக்காவைக் கேட்டுப் பாருங்க. ரகசியம் பேசும்போதுதான் எனக்கு இந்தக் குரலே வரும்!”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. நடுக்கதவின் கண்ணாடியில் அடுத்த பெட்டி தெரிந்தது. அந்த அம்மாள் தொங்கும் கைப்பிடி வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ரயில் குலுங்கும்போதெல்லாம் தடுமாறினாள். பிமலா அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் லோகேந்திரா தன் தலையைக் கொண்டுபோய்க் கண்ணாடியை மறைத்தான்.

“என்னங்க இது, கோழி மாதிரி கழுத்தை ஆட்டிக்கிட்டு?”

“ஜன்னல்ல பாரு! வயல்! இப்பத்தான் நடவு முடிஞ்சிருக்கு.”

“ஐயோ, ஆமா! நம்ம ஊரு மாதிரியே இருக்கு!” கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டாள். “சானு பார்த்தா குதிப்பா. நான் இப்பவே சொல்லிடட்டுமா சானு அப்பா, எனக்கு இந்த ஊரு...”

“மூணு மாசம் கழிச்சுச் சொல்லு,” என்றான். மனசு என்னவோ இப்போதே கேட்கத் துடித்தது.

சிபாவில் இறங்கி, பெட்டிகளை உருட்டிக்கொண்டு லிஃப்ட் முன்னால் போய் நின்றார்கள்.

பிமலா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அங்க பாருங்க, அந்த அம்மா! அப்பவே இறங்கப் போறாங்கன்னீங்களே?”

முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, அடி அடியாக லிஃப்டை நோக்கி வந்துகொண்டிருந்தாள் அவள். படியில் இறங்குகிற கால் இல்லை அது.

இனி மறைத்துப் பயனில்லை. பிமலாவே புரிந்துகொண்டு நொந்துபோவதைவிட, தானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது அவனுக்கு.

“பிமலா, இங்க சில பேரு நம்ம பக்கத்துல உட்கார மாட்டாங்க. திட்ட மாட்டாங்க, முறைக்க மாட்டாங்க. ஆனா கால் வலிச்சாலும் நின்னுக்கிட்டே வருவாங்க. அவங்களையே பாரேன், எவ்வளவு தூரம் நின்னுட்டு வந்திருக்காங்க. எனக்குப் பழகிப்போச்சு. நீயும் கண்டுக்காதே.”

பிமலாவின் முகத்தில் விளக்கு அணைந்தது போலிருந்தது.

“ஸ்கூல்லயும் இப்படித்தானா? நம்ம சானு பக்கத்துலயும் யாரும்...”

அவன் லிஃப்ட் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினான்.

அதற்குள் அந்த அம்மாள் அருகில் வந்துவிட்டாள். அவர்களைப் பார்த்தாள். திருடும்போது பிடிபட்டவள் மாதிரி அப்படியே நின்றாள். முகம் சிவந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். குனிந்தபடியே லோகேந்திராவிடம் என்னவோ படபடவென்று சொன்னாள். மறுபடி குனிந்தாள்.

லோகேந்திரா அவளைவிடத் தாழக் குனிந்தான். நிமிர அவனுக்கு நேரம் பிடித்தது.

“என்னங்க, திட்டுறாங்களா?” பிமலா அவன் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். “பரவாயில்ல, எதுவா இருந்தாலும் சொல்லுங்க!”

அவன் பிமலா பக்கம் திரும்பினான்.

“‘ஐயையோ, மாட்டிக்கிட்டேனே’ங்கிறாங்க பிமலா. ‘புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்காரட்டும்னுதான் எழுந்தேன். கண்ணு முன்னால நின்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு, இறங்குற மாதிரி நடிச்சேன்’கிறாங்க.”