ஒன்பது நகங்கள்

"எட்டு... ஒன்பது... பத்து." போ-சு பொட்டலத்தை மடித்து வலப்பக்கக் குவியலில் வைத்தாள். "இதுவும் அவர் இல்லைம்மா."

"அடுத்ததைப் பிரி," என்றாள் மாமியார், தலை உடைந்த கல் சிங்கத்தின் பீடத்தில் அமர்ந்தவாறே. சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. வாயைத் துடைத்த துணியைச் சுருட்டி உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டாள். அதில் சிவப்பு இருந்தது.

ஜப்பானியர் கட்டிய கோயில் அது. அவர்கள் தைவானை விட்டுப் போன இரண்டே ஆண்டுகளில் கூரை புயலோடும், தூண்கள் ஊராரின் அடுப்போடும் போயின. போருக்குப் புறப்பட்ட பிள்ளைகள் இங்கேதான் வணங்கி, கைவிரல் நகங்களைக் கத்தரித்துக் காகிதத்தில் பொதிந்து விட்டுச் சென்றார்கள். உடல் திரும்பாவிட்டால் அடக்கம் செய்வதற்கு. அவற்றைக் காத்த இரும்புப் பெட்டிக்குள் மழை புகுந்து, பெயர்களையெல்லாம் கழுவிவிட்டிருந்தது.

போ-சுவின் கணவன் தியாம்-ஹோக், சுமைதூக்கியாகப் போனவன். அவன் ஏறிய கப்பல் லூசோன் தீவு அருகே மூழ்கியது. ஆனால் அவனுக்கு ஓர் அடையாளம் உண்டு: இடக்கைச் சுண்டுவிரலைக் கரும்பாலை என்றோ விழுங்கிவிட்டது. ஒன்பது நகம் உள்ள பொட்டலமே அவன்.

நாளை முன்னோர் கல்லறையைத் துப்புரவாக்கும் நாள். தகப்பனின் எலும்புச் சாடிக்குப் பக்கத்தில், மகனுக்கென வாங்கிய சாடி வெறுமையாய்க் கிடந்தது. அடுத்த ஆண்டு இந்நாளைத் தான் காணப்போவதில்லை என்று கிழவிக்குத் தெரியும். போ-சுவுக்கும் தெரியும்.

"இந்தச் சாமிக்கு எத்தனை தடவை குனிஞ்சிருப்போம்! முதுகே கூனிப்போச்சு. ஊரைவிட்டுப் போறப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போச்சா பாரு."

"நம்மளைக் கேட்டுக்கிட்டா வந்துச்சு, சொல்லிட்டுப் போறதுக்கு?"

மாமியார் சிரித்தாள், சிரிப்பும் இருமலாகவே முடிந்தது. பிறகு கண்ணைப் பாதி மூடி ஜபமணியை உருட்டத் தொடங்கினாள்.

இடப்பக்கக் குவியல் கரைந்து, ஒரே ஒரு பொட்டலம் எஞ்சியது. அதை மட்டும் போ-சு வாய்க்குள் எண்ணினாள். எழுந்து மடியை உதறினாள். மறுபடி அமர்ந்து உரக்க எண்ணினாள்.

"...ஏழு. எட்டு. ஒன்பது." பொட்டலத்தை உயர்த்திக் காட்டினாள். "அம்மா! அவர்தாம்மா! ஒன்பதுதான் இருக்கு!"

மாமியார் தள்ளாடி வந்தாள். பொட்டலத்தை இரு கைகளாலும் வாங்கி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். "வந்துட்டியாடா," என்றாள். இத்தனை நாள் சுமந்த பாரம் இறங்கியதுபோல் போ-சு மூச்சுவிட்டாள்.

"புறப்படலாமாம்மா? மழை வரும்போல இருக்கு."

"இரு." மாமியார் பொட்டலத்தை மூடாமலே அவளிடம் நீட்டினாள்.

"நீ மடியை உதறினப்ப விழுந்துச்சே, அந்தப் பத்தாவதையும் தேடி எடுத்து இதுல போடும்மா. யார் பெத்த பிள்ளையோ, முழுசாப் போகட்டும்."