துடிப்பு இறங்கினால் வெளியே

செவ்வாய். மாலை வகுப்புக்குக் கிளம்புமுன் எழுதுகிறேன்.

சிறுவர் கிரிக்கெட்டில் யார் எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதைக் கையில் கட்டிய பட்டைதான் முடிவுசெய்கிறது. நாடித்துடிப்பு இறங்கினால் சலிப்பு என்று கணக்கு. அந்தப் பிள்ளை வெளியேற வேண்டும். பயிற்சியாளரான நான் அதை அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பத்து வயது தென்றல்மதி மூன்று வாரமாக இரண்டே பந்தில் வெளியேறினாள். அவுட் ஆகவில்லை. மட்டையைப் பிடித்ததும் அவள் அமைதியாகிவிடுகிறாள்.

“போரடிக்குதாடி?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. பந்தையே பாத்துட்டு நிக்கிறப்ப வேற எதுவும் காதுல விழாது. அதான் எனக்குப் பிடிக்கும்.”

“தூங்குமூஞ்சி, கிளம்பு!” என்றான் அடுத்து ஆட நின்ற ஜெரோம்.

பட்டை அவளைத் தவறாகக் கணிக்கிறது என்று அறிக்கையில் எழுதினேன். பயிற்சியாளர் படிப்பை ஆறு மாதம் மட்டுமே படித்த எனக்கு என்ன தெரியும் என்று தோன்றி, அழித்துவிட்டேன்.

இன்று அவள் ஆறு ஓவர் ஆடினாள். பட்டை காட்டிய ஆர்வம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. நொண்டுகிறாளே என்று ஷூவைக் கழற்றச் சொன்னேன். உள்ளே ஒரு ஜல்லிக்கல். சாக்ஸில் ரத்தம்.

“வலிச்சாத்தான்க்கா துடிப்பு ஏறுது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

கல்லைப் பிடுங்கினால் நாளை மறுபடியும் இரண்டு பந்துதான். மைதானத்து ஓரத்தில் தேடி, முனை மழுங்கிய கல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதைப் போட்டு நடந்து பார்த்தாள்.

“இது வலிக்கவே இல்லக்கா” என்று திருப்பித் தந்தாள்.