தேவதை வரும் பக்கம்

கிறிஸ்துமஸ் நாடகம் முடிந்ததும், பெண் வேடத்தைக் கலைக்காமலே அரங்கு வாசலில் போய் நின்றேன்.

"எப்படி இருந்துச்சு, கீத்?"

"பாட்டெல்லாம் சுமார்தான், வில்ஃப். ஆனா அந்தப் பெஞ்சு காட்சி இருக்கே, பேயைக் காட்டாமலே கலக்கிட்ட. பிள்ளைங்க 'பின்னாடி பாரு'ன்னு கத்துன கத்துல காதே அடைச்சுப்போச்சு."

சிரித்து வைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பின்னால் பேயாக வந்து நிற்க வேண்டியவன் பனியில் மாட்டிக்கொண்டு வரவேயில்லை. பிள்ளைகள் வருஷா வருஷம் கத்திய பழக்கத்தில் கத்துகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

கீத்தின் மகள் முகத்தைச் சுளித்தாள். "அது பேய் இல்லப்பா. பேய்ன்னா வில்லன் வர்ற பக்கமாத்தானே வரும்? அந்த ஆன்ட்டி தேவதை வர்ற பக்கமா வந்தாங்க."

"எந்த ஆன்ட்டிம்மா?"

"உங்க டோப்பா நழுவிச்சுல்ல, அங்கிள்? வாயில கடிச்சிருந்த கொண்டை ஊசிய எடுத்துக் குத்திவிட்டு, தலையில செல்லமா ஒரு தட்டு தட்டிட்டுப் போனாங்களே, அவங்க."

என் மனைவி ஐவியை மார்ச் மாதம் அடக்கம் செய்தோம். ஊசி குத்திவிட ஆளில்லாமல், இந்த வருஷம் டோப்பாவைப் பசை போட்டுத்தான் ஒட்டியிருந்தேன்.

பின்னந்தலையைத் தடவினேன். விரலில் ஊசி குத்தியது.