சுற்ற மறந்த பிலிம்

"என் போட்டோவைத் திருப்பிக் குடுங்க" என்றேன். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்த படத்தைப் பெண் தன் வாயால் கேட்கவே கூடாது, கேட்டால் சம்பந்தம் முறிந்தது என்று அம்மா சொல்லியிருந்தாள். இரண்டாம் தாரம் என்பதையே மறைத்தவர்களிடம் வேறென்ன கேட்பது?

"பி.ஏ. படிச்சா வாயும் நீண்டுருமாட்ட இருக்குது" என்றபடி மாப்பிள்ளையின் தாய் பழனியம்மாள் படத்தை எடுத்துவந்தார்.

நான் ஸ்டூடியோவுக்கு வரமாட்டேன் என்றதால் கொடுத்த படம் அது. பொங்கலுக்கு வாங்கிய பிளாஸ்டிக் விளையாட்டுக் கேமராவில் தோழி எடுத்தது. பிலிமைச் சுற்ற மறந்தால் ஒரு படத்தின்மேல் இன்னொன்று விழும். என் பக்கத்தில் யாரென்றே தெரியாத ஒரு பெண் மங்கலாக விழுந்திருந்தாள். அதனாலேயே எனக்கும் தோழிக்கும் அந்தப் படம் பிடித்திருந்தது.

பழனியம்மாள் அந்த மங்கலான முகத்தை விரலால் தடவினார். "இது யாருங்க?" என்றேன்.

"எங்க மருதாள். மொத மருமக. செத்து மூணு வருசமாச்சு. அவளே பக்கத்துல வந்து நின்னுட்டா, அப்பறம் சாதகம் எதுக்குக் கண்ணு?"

நான் கையை நீட்டினேன். வாசலை ஒட்டிய பனியன் கம்பெனியின் கட்டிங் மேசையிலிருந்து கத்திரியை எடுத்துப் படத்தோடு கொடுத்தார்.

"உன்ற பாதிய வெட்டி எடுத்துட்டுப் போ. அவ எங்கூட்டுப் பொண்ணு."

படத்தைப் பார்த்தேன். மருதாளின் கை என் தோளை இறுகப் பிடித்திருந்தது. நாங்கள் படத்தைக் கொடுத்தபோது அதில் அந்தக் கை இல்லை.

கத்திரியை வைத்துவிட்டு, படத்தை முழுசாகப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தேன்.