பதினான்கு மாத மனு

“பாத்து வாங்க சார், அந்தப் பள்ளத்துல தண்ணி நிக்குது!”

தொழில் துறையிலிருந்து வருகிறேன் என்று தெருவிலிருந்தே ஒருவர் குரல் கொடுத்ததுமே உஷா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். பதினான்கு மாதமாக ஷெட்டுக்காரர்கள்தான் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்கள். ஒரு அதிகாரி தானாகப் பீனியா தொழிற்பேட்டைக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

லேத் ஷெட்டின் முதலாளி ரங்கநாதன் இன்றைக்கும் மின்சார ஆபீசுக்குத்தான் போயிருந்தார். காலையிலேயே போன கரண்ட் இன்னும் வரவில்லை. எட்டு லேத்தும் சும்மா நின்றன.

ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். டைப்பிஸ்ட் ஷில்பா கன்னடத்தில் அடித்துக் கொடுத்த மனுவின் நகலைத் தேடி எடுத்து நீட்டினாள். அவர் அதிலிருந்த எண்களை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“படிக்கிறதெல்லாம் எதுக்கும்மா? நீங்களே வாயால சொல்லுங்க.”

எந்த அதிகாரிதான் மனுவைப் படித்தார்? இவர் காது கொடுத்துக் கேட்கிறார், அதுவும் தமிழில். உஷாவுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது.

“புது மெஷின் ரெண்டு வாங்கணும் சார். அதுக்குக் கூடுதல் கரண்ட் வேணும். கரண்டுக்குத் தெரு முனையில ஒரு கம்பம் நடணும். அந்த ஒரு கம்பத்துக்குத்தான் பதினாலு மாசம்.”

“ஒற்றைச் சாளரத் திட்டம்னு ஒண்ணு இருக்கே?”

“பேப்பர்ல பாத்தோம் சார். எல்லாக் கையெழுத்தும் ஒரே ஜன்னல்லேன்னு. அந்த ஜன்னல் எங்க இருக்குன்னு கேக்கவே நாலு ஆபீஸ் ஏறினோம்.”

அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். ரோடு, டேங்கர் தண்ணீர் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

உஷா குரலைத் தாழ்த்தினாள். “பக்கத்து ஷெட்டு போன வருஷம் ஊரை விட்டே போயிடுச்சு சார். அங்க இருந்த முத்தம்மா இப்ப வீட்டு வேலை செய்யறா. எனக்கு ஸ்ரீராம்புரத்துல அம்மா படுத்த படுக்கை. மத்தியானம் ஓடிப்போய் கஞ்சி குடுத்துட்டு வர்றேன். இந்த ஷெட்டும் மூடிட்டா நான் எங்க சார் போவேன்?”

“மூட விடுவோமாம்மா?”

“முதலாளி வெறுத்துப் போயிருக்காரு. கரண்டுக்கு ஒரு தேதி மட்டும் எழுதிக் குடுங்க. நீங்க சொல்றதை மனுஷன் கண்ணை மூடிட்டுக் கேப்பாரு.”

அதற்குக் கீழே அவர் இரண்டு கோடு போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு ரங்கநாதன் செருப்பை இழுத்து இழுத்து வந்தார். “ஆபீசர் சாஹேப்ரு மீட்டிங்காம். நாளைக்கு வரணுமாம்” என்று பையை மேஜையில் போட்டவர், ஸ்டூலில் இருந்தவரைப் பார்த்து நின்றார்.

வந்தவர் எழுந்து கும்பிட்டார். “உங்க கஷ்டமெல்லாம் இந்தம்மா விவரமா சொல்லிட்டாங்க சார். முப்பது நாள்ல கரண்ட். எழுதியே தர்றோம்.” பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

ரங்கநாதன் நின்றபடியே படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு உட்கார்ந்தார். ஒரு வருடமாக அந்த முகத்தில் இல்லாத சிரிப்பு மெல்ல வந்தது.

“உஷா, நான் பதினாலு மாசம் நடந்தேன். நீ ஒரு மணி நேரம் பேசி முடிச்சிட்டியேம்மா!”

உஷாவுக்குக் கண் கலங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“கம்பம் எப்ப சார் நடுவீங்க?”

“கம்பமெல்லாம் எப்பவோ நட்டாச்சும்மா, எங்க ஓசூர்ல.”