விரிசல் இல்லாத மாதம்

அண்டார்டிகாவின் பனிப்பாறைக்குள் புதைத்த மைக்குகள் அனுப்பும் சத்தத்தை, காசிமேட்டில் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்து பிலோமினா ஏழு வருடமாகக் கேட்டு வந்தாள். பாறை விரிசல் விடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். வேலை அவ்வளவுதான், ஆனால் கை ஓயாது.

இந்த மாதம் ஒரு தடவைகூட அழுத்தவில்லை. மேலதிகாரி சடகோபனுக்கு போன் போட்டாள்.

"சார், பாறையே கரைஞ்சி போச்சி போல. வெறும் தண்ணி தளும்புற சத்தம்தான் கேக்குது."

"தண்ணிக்கு நம்மகிட்ட பொத்தான் இல்லையேம்மா. விரிசல் எத்தனை?"

"ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப நல்ல சேதிதானே. பூஜ்யம்னு அனுப்பு."

அனுப்பினாள். மேலிடத்துக்குப் போகப் போக அந்தப் பூஜ்யத்துக்கு மவுசு கூடியது. விரிசலே இல்லாத முதல் மாதம் என்று அமைச்சர் அறிவித்தார். இனி கடல் ஏறாது என்று, அவள் தெருக்கோடியில் கட்டிக்கொண்டிருந்த தடுப்புச் சுவரைப் பாதியில் நிறுத்தி, மிச்சக் கல்லை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சிறந்த ஊழியர் விருது வந்து சேர ஆறு மாதம் ஆனது. சடகோபனே பொன்னாடையும் மைசூர்பாகுமாக வந்தார்.

"படகை எங்கம்மா கட்டுறது?"

"மாடி ஜன்னல் கம்பியிலயே கட்டிட்டு ஏறி வாங்க சார்."

பொன்னாடை போர்த்த வசதியாக ஹெட்போனைக் கழற்றினாள். அப்போதும் அதே தளும்பல் சத்தம்தான் கேட்டது.