நானூறு காட்டும் இடம்

"வெப்பம் அளக்குற கம்பியை மேல தூக்கி வைன்னு சொன்னேனா இல்லையா?"

முதலாளி தன் கண்ணாடி அறையிலிருந்து கத்தினார். ஈயக் கொப்பரைப் பக்கம் அவர் எட்டிப் பார்த்து ஒரு வருஷம் இருக்கும். சுவரில் மின்னும் வெப்ப எண்தான் அவருக்குக் கொப்பரை.

"மேல வெச்சா நானூறு டிகிரிதான் காட்டும், முதலாளி. அடியில ஐந்நூறைத் தாண்டிடுது. அந்தப் புகையிலதான் நேத்து எங்ககூட வேலை பாக்குற அக்கா மயங்கி விழுந்தாங்க," என்றாள் ஈயம் உருக்குபவள்.

"நாளைக்கு ஆய்வாளர் வர்றார், நானூறைத் தாண்டக் கூடாது. எனக்கே பாடம் எடுக்காதே. எங்க வெச்சா நானூறு காட்டுமோ, அங்க வை!"

"சரி, அப்படியே வெச்சிடறேன்."

மறுநாள் எண் நானூற்றில் ஆடாமல் அசையாமல் நின்றது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தீங்களா சார்? நான் கிழிச்ச கோட்டை எங்க ஆளுங்க தாண்ட மாட்டாங்க."

ஆய்வாளர் கொப்பரையைப் பார்க்க வேண்டும் என்றார். அதைச் சுற்றி நான்கு பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஈயம் உருக்குபவள் கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் உள்ளங்கையை ஈயத்தின் மேல் அழுத்தினாள்.

"ஐயோ, கை!" ஆய்வாளர் அலறினார்.

"ஒண்ணும் ஆகாது சார், கல்லு மாதிரி கெடக்கு. இன்னிக்கு நாங்க அடுப்பே மூட்டலை. கம்பி கொப்பரையோட நடு ஆழத்துக்குப் போற வரைக்கும் மூட்டவும் மாட்டோம்."

"அப்போ அந்த நானூறு?" முதலாளி சுவரைக் காட்டினார்.

அச்சுகளைச் சூடாக்கும் சின்ன மின்னடுப்பின் கதவை அவள் திறந்தாள். உள்ளே கம்பி இருந்தது.

"எங்க வெச்சா நானூறு காட்டுமோ, அங்கதானே வைக்கச் சொன்னீங்க, முதலாளி?"